செவ்வந்தியின் உலகப் பயணம்

செவ்வந்தி என்ற குட்டி ஆரஞ்சு மீன், பக்கத்து வீட்டுப் பவளப்பாறையிடம் சொல்லிக்கொண்டு ஒரு நாள் காலையில் உலகம் சுற்றக் கிளம்பியது. எதிரே வந்த நீரோட்டத்துக்கு முகத்தைக் கொடுத்து வாலை அடி அடி என்று அடித்தது. தண்ணீர் கொண்டுவந்த பொடி இரையெல்லாம் தானாக வாய்க்குள் விழுந்தது. ஒரு பாசி பின்னால் போனது. ஒரு ஜெல்லி மீன் பின்னால் போனது. எல்லாரையும் முந்திவிட்டோம் என்று செவ்வந்திக்குத் தலைகால் புரியவில்லை.

மதியம் களைத்துப்போய்க் கீழே பார்த்தால், அதே பவளப்பாறை.

"அக்கா, நீயும் கூடவே வந்துட்டியா?"

பிறந்ததிலிருந்து ஓர் அங்குலம்கூட நகராத பாறை திகைத்தது. பாசியும் ஜெல்லி மீனும் பின்னால் ஓடியதை அதுவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

"வந்துட்டேன் போலிருக்குடி," என்றது. உடனே அதற்கு மூச்சு வாங்கியது. "ரொம்ப தூரமோ?"

"எத்தனை கடல் தாண்டியிருக்கோம்."

பாறைக்குச் சந்தோஷத்தில் கிறுகிறுத்தது. கொஞ்ச நேரத்தில் குரல் கம்மியது.

"வீட்டைத் திறந்து போட்டுட்டு வந்துட்டேனேடி. திரும்பிப் போயிடலாமா?"

அந்த நேரம் பார்த்து நீரோட்டம் திசை மாறியது. செவ்வந்தியும் திரும்பி வாலை அடித்தது. காலையில் பார்த்த அதே ஜெல்லி மீன் மறுபடியும் பின்னால் போனது.

"சரியான வழிதான் அக்கா," என்றது செவ்வந்தி.

பொழுது சாய்வதற்குள் வந்து சேர்ந்தார்கள். பாறை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது.

"நல்லவேளை, வச்சது வச்ச இடத்துலயே இருக்குடி. ஒரு சிப்பிகூட நகரலை."