கால் மணிக்குள்

"உன் பெட்டியைக் காட்டுடா, வின்சென்ஸ்!"

ரோஸ்வித்தா சறுக்கி வந்த வேகத்தில் பனி தெறித்தது. காலில் கட்டியிருந்த பனிச்சறுக்குக் கட்டைகளைக் கழற்றி எறிந்தாள். எதிர்ச் சிகரத்தில் வெயிலின் முதல் கீற்று. பள்ளத்தாக்கு இன்னும் நீல இருட்டில் கிடந்தது.

"மாத்திட்டேன் அண்ணி. நேரம் போகுது, நீங்க தேடுங்க."

"காட்டுடான்னா!"

அவன் ஜாக்கெட்டைத் திறந்து மார்பில் கட்டியிருந்த பீப் பெட்டியைக் காட்டினான். 'தேடு' என்ற பக்கம் விளக்கு எரிந்தது. மலையேறும் எல்லோர் மார்பிலும் இருக்கும் பெட்டி. பனிச்சரிவில் புதைந்தவனின் பெட்டி ஓயாமல் பீப் அனுப்பும். மேலே நிற்பவர்கள் தங்கள் பெட்டியைத் தேடுவதற்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஒருவன் மறந்தாலும் போச்சு. தேடுகிறவளின் பெட்டி, புதைந்தவனை விட்டுவிட்டு நிற்கிறவனிடம் கூட்டிப் போய்விடும்.

"எங்கே?"

"அந்த லார்ச் மரத்துக்குக் கீழே. பள்ளத்துல."

அவள் ஓடினாள். முழங்கால்வரை பனி இழுத்தது. கால் மணிக்குள் எடுத்தால் ஆள் பிழைப்பான். அதற்கப்புறம் ஒவ்வொரு நிமிஷமும் எமன் கையில். இந்த ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு.

பீப்.

"வருது! டேய், வருது!"

"அம்புக்குறியைப் பாருங்க அண்ணி. அவசரப்படாதீங்க."

"அவசரப்படாதீங்களாம்! உன்னை மாதிரி மரம் மாதிரி நிக்கச் சொல்றியா? கம்பியை எடு!"

பெட்டியில் தூரம் காட்டும் எண் குறைந்துகொண்டே வந்தது. பீப் நெருக்கமாகத் துடித்தது. அவள் மண்டியிட்டு, பெட்டியைப் பனியோடு உரசி நகர்த்தினாள்.

'இதோ வந்துட்டேன் கோர்பி. எப்பவும் நீதானே எனக்கு முன்னால தடம் போட்டுப் போவே? வளைவுக்கு வளைவு நின்னு திரும்பிப் பார்த்து, "கிழவி, இன்னும் வரலையா"ன்னு கத்துவே. எவ்வளவு கோபம் வரும் எனக்கு! இப்ப கத்தேன். ஒரு தடவை கத்து. உன் குறட்டையைப் பத்தி இனிமே வாயே திறக்கமாட்டேன். அது இல்லாம எனக்குத் தூக்கம் வரதில்லடா.'

"இங்கேதான்! குத்து!"

வின்சென்ஸ் நீளக் கம்பியைச் செருகினான். ஒன்றுமில்லை. ஒரு சாண் தள்ளி மறுபடியும். ஒன்றுமில்லை.

"என்னடா குத்துறே, கேக்கா வெட்டுறே? கொடு இப்படி!"

பிடுங்கி அவளே செருகினாள். கம்பி பாதியில் மெத்தென்று தட்டுப்பட்டு நின்றது.

"பட்டுச்சு! ஷவல்!"

இருவரும் வெட்டினார்கள். பனி பாறைபோல் இறுகியிருந்தது. அவளுக்கு மூச்சு இரைத்தது. கையுறை நழுவி விழுந்ததையும் கவனிக்கவில்லை.

"அண்ணி, கை! கையுறையைப் போடுங்க."

"உன் அண்ணன் உள்ளே இருக்கான். எனக்குக் கை ஒரு கேடா?"

சிவப்பாக ஏதோ தெரிந்தது. ஷவலை வீசிவிட்டு விரல்களால் பறித்தாள். கம்பளித் தொப்பி. கல்யாணம் நிச்சயமான குளிர்காலத்தில் அவளே பின்னிக் கொடுத்தது. ஒரு காது நீளம், ஒரு காது குட்டை. அந்தக் கோணல் தொப்பியைத்தான் கோர்பினியன் ஊர் சிரிக்கச் சிரிக்கப் போட்டுத் திரிந்தான்.

"கால் மணி ஆயிடுச்சா?" அவள் நிமிரவில்லை. "உண்மையைச் சொல்லு."

வின்சென்ஸ் கடிகாரத்தைப் பார்த்தான்.

"பாதிகூட ஆகலை அண்ணி. நேரத்துக்கு வந்துட்டீங்க."

வெயில் லார்ச் மரத்தின் உச்சிக்கு இறங்கி வந்திருந்தது. ரோஸ்வித்தா தொப்பியை இரண்டு கைகளாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து பீப், பீப் என்று துடிப்பு. வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு தொப்பியைப் பிரித்தாள். உள்ளே இருந்த பெட்டியின் பீப்பை நிறுத்தினாள். பள்ளத்தாக்கே ஊமையானது.

"அன்னைக்கு மட்டும் நான் பெட்டியை மாத்த மறக்காம இருந்திருந்தா..." வின்சென்ஸ் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"வருஷா வருஷம் இதே பேச்சு. மூக்கைத் துடை, டீயை ஊத்து."

கோர்பினியனின் பெட்டியைத் தொப்பிக்குள் பத்திரமாகச் சுருட்டி வின்சென்ஸிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"அடுத்த வருஷம் அவன் நினைவு நாளுக்கு இன்னும் கொஞ்சம் ஆழமாப் புதைச்சு வை. அன்னைக்கு அவன் கிடந்த ஆழத்துக்கு."