இருபத்திரண்டாம் நாற்காலி

கப்பலில் எங்கே சாப்பிடுவது என்பதை, கைப்பேசிக் கம்பெனியில் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே முடிவு செய்ய வேண்டியிருந்தது.

“பஃபேன்னே சொல்லிருவமா?” என்றான் இசக்கியப்பன். பகல் ஷிப்டுக்கு வந்தவன், மனைவி பாண்டிச்செல்விக்கு இடப்பக்கம் நின்று கையுறையை மாட்டிக்கொண்டிருந்தான். “இன்னைக்குள்ள சொல்லணுமாம்.”

இரவு முழுக்க நின்ற கால்கள் அவளுடையவை போலவே இல்லை. கை மட்டும் தன் வேலையைப் பார்த்தது. திறந்த கைப்பேசிக்குள் கேமராவை உட்கார வைத்து ஓர் அழுத்து. அடுத்தது.

ஷிப்ட் மாறுவதற்காக லைனை நிறுத்த மாட்டார்கள். வருகிறவர் பக்கத்தில் நின்று, சில கைப்பேசிகள் நகர்வதைக் கவனித்து, கண் அந்த வேகத்துக்குப் பழகியதும், ஒன்று போய் அடுத்தது வருவதற்குள் இடம் மாறிக்கொள்ள வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் டிரைவர் மாறுவது மாதிரி.

புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளக் கிடைப்பது அந்தச் சில நிமிடங்கள்தான்.

அப்படி இடம் மாறிய பழக்கத்தில்தான் காதலே வந்தது. லைனில் கேமரா பொருத்தும் இடமான இருபத்திரண்டாம் ஸ்டேஷனில் தவறில்லாமல் கை ஓடுவது இவர்கள் இருவருக்கும்தான். அதனால் ஷிப்டுக்கு ஒருவர். கல்யாணத்துக்குப் பிறகும் அதை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

சுங்குவார்சத்திரத்து வாடகை அறையில் ஒரு கட்டில். அவன் எழுந்துபோன கட்டிலில் அவள் படுப்பாள். அவன் பொங்கி மூடிவைத்த சோற்றை அவள் தின்பாள். வார விடுப்பும் ஒரே நாளில் வராது. ஒருவர் தூங்கினால் மற்றவர் கிளம்பிக்கொண்டிருப்பார்.

நிதானமாகச் சேர்ந்து உட்கார்ந்தது கல்யாணப் பந்தியில். அன்றைக்கும் போட்டோக்காரர் விழுங்க விடவில்லை.

இப்போது, வருடம் முழுக்க ஒரு பீஸ்கூடத் திரும்பி வராத லைன் என்று கம்பெனி இவர்கள் லைனுக்குப் பரிசு அறிவித்திருந்தது. சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலில் இரண்டு இரவு.

“நண்டு, ஐஸ்கிரீம், கேக்கு, எல்லாம் எவ்வளவு வேணாலும் அள்ளிக்கலாமாம். செருப்போட போலாம். டைனிங் ஹால்னா ஷூ போடணும், சட்டைய உள்ள விடணும். எனக்கு எதுக்குட்டி அது?”

“கல்யாண ஷூ கட்டிலுக்கு அடியிலதான கெடக்கு. எலி இன்னும் திங்கல.”

பஃபே எப்படி நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதுவும் ஒரு லைன்தான். இங்கே ஆள் நிற்க, பொருள் நகர்கிறது. அங்கே சோறு நிற்க, ஆள் நகர வேண்டும். தட்டை ஏந்திக்கொண்டு நின்று, நகர்ந்து, மறுபடி நின்று, எங்கே காலியோ அங்கே உட்கார வேண்டும். எழுந்தால் அந்த இடம் வேறொருவருக்கு. யார் எங்கே உட்கார்ந்தார், எதைத் தின்றார் என்பதற்கு ஓர் அடையாளமும் மிஞ்சாது.

டைனிங் ஹால் அப்படியில்லை. எச்.ஆர். பெண் விளக்கியதை அவள் இரவெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தாள். லைனுக்கு ஒரு மேசை. ஸ்டேஷன் எண்தான் நாற்காலி எண். எட்டு மணிக்கு உட்கார்ந்தால், பண்டங்களின் பெயர் எழுதிய அட்டையைப் பார்த்து வேண்டியதைச் சொல்லலாம். முதலில் சூப் வரும். அந்தக் கிண்ணத்தை எடுத்த பிறகுதான் அடுத்தது. ஒவ்வொரு பயணத்திலும் அதே அட்டை, அதே வரிசை.

“சேர் மாறாதுல்லா?” என்றாள்.

“மாறாது. இருபத்திரெண்டுதான்.” அவன் அவள் கால்களைப் பார்த்தான். “ஒனக்கு உக்காரணும். அவ்வளவுதான?”

“அதுவுந்தான்.”

பின்னால் சூப்பர்வைசர் கோதண்டராமன் வந்து நின்றார். “இன்னாபா, ஊட்டு கதைய ஊட்ல பேசிக்கக் கூடாதா?”

“வீட்டுல பாத்தாத்தான சார் பேசுததுக்கு?” என்றாள் பாண்டிச்செல்வி.

அவர் சிரித்துவிட்டார். “சரி சரி, லைன் நிக்காம பாத்துக்கோங்க” என்று நகர்ந்துபோனார்.

இடைவெளி வந்தது. பாண்டிச்செல்வி மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி நீட்டினாள். உடம்பில் தங்கியிருக்கும் துளி மின்சாரம் போதும், கேமரா செத்துப்போகும். அந்தப் பட்டை அதை ஒயர் வழியாக மண்ணுக்குள் இறக்கிவிடும். ஸ்டேஷனுக்கு ஒரு பட்டைதான். அவள் சூடு ஆறுவதற்குள் அவன் அதைக் கட்டிக்கொண்டான்.

“டைனிங் ஹால்னே சொல்லிருங்க. ரெண்டு பேருக்கும்.”

“நண்டு போச்சு” என்றான். வந்த கைப்பேசியில் கேமராவை அழுத்திவிட்டு, “சரி, சொல்லிருதேன்.”

லைன் ஒரேயடியாக நிற்கக் கூடாது. அதனால் கப்பலும் ஷிப்ட் வாரியாகத்தான். நைட் ஷிப்ட் வெள்ளிக்கிழமை ஏறி ஞாயிற்றுக்கிழமை இறங்கும். அதே கப்பலில் பகல் ஷிப்ட் திங்கட்கிழமை ஏறும்.

அவள் இரண்டடி போய்த் திரும்பி வந்தாள்.

“எந்த சூப்பு நல்லாருக்குன்னு நான் பாத்துட்டு வந்து சொல்லுதேன். எட்டு மணிக்கு நீங்களும் அதையே வாங்குங்க, என்ன?”

அவன் தலையை மட்டும் ஆட்டினான். அடுத்த கைப்பேசி வந்துவிட்டிருந்தது.