இரண்டாக வெட்டிய அட்டை

தையல் மிஷின் மேல் மலேரியா மாத்திரை அட்டை இரண்டு துண்டாகக் கிடக்கிறது, இரண்டும் காலி. தகரக் கூரை மத்தியான வெயிலில் கொதிக்க, கட்டிலில் தையல்காரியின் புருஷன் போர்வைக்குள் உடம்பு உதறக் கிடக்கிறான். சுவரோரம் பாயில் அவன் தம்பியும் நடுங்குகிறான். நர்ஸ் துண்டுகளை எடுத்துத் தையல்காரியிடம் நீட்டுகிறாள். "ஒருத்தருக்குக் குடுத்ததை ஏம்மா ரெண்டு பேருக்குப் பங்கு போட்டீங்க?" "ரெண்டு பேருக்கும் அதே குளிர்காய்ச்சல்தானே சிஸ்டர். தம்பிக்கு ஆஸ்பத்திரிக்கு வர லீவு தரல. பாதி அட்டையிலயே ரெண்டு பேரும் எழுந்து வேலைக்குப் போனாங்களே!" "காய்ச்சல் விட்டாலும் கிருமி உள்ளதான் இருக்கும். ஒரே ஆளு முழுசும் முடிக்கணும்மா." நர்ஸ் கொண்டுவந்த புது அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி, தையல்காரி அவசரமாகப் புருஷன் வாய்க்குக் கொண்டுபோகிறாள். கூப்பிட்டும் அவன் கண் திறக்கவில்லை. நர்ஸ் அவள் கையைப் பிடித்து நிறுத்துகிறாள். "நினைவில்லாதவருக்குப் போடாதீங்க, புரையேறிடும். இனி இவருக்கு மாத்திரை இல்ல, ஊசிதான். வண்டியக் கூப்பிடுறேன்." பாயிலிருந்து குரல் வருகிறது: "என் பங்கையும் அண்ணனுக்கே குடுத்திருக்கலாமே, அண்ணி." தையல்காரி இரண்டு துண்டுகளையும் மிஷின் பலகையில் ஒட்ட வைத்துப் பார்க்கிறாள். யாருக்கும் குறையக் கூடாதென்று அளந்து வெட்டிய வெட்டு, நூல் பிசகாமல் பொருந்துகிறது.