கீழே ஒரு வீடு

ஸ்பேனர் தேடிக் காரின் பின்பெட்டியைத் திறந்த பிலோமி, அங்கே கிடந்த பையைப் பிரித்ததும் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே புத்தம் புதிய பெண்கள் கஃப்தான் அங்கி இரண்டு. ஊதினால் பறக்கும்போல அவ்வளவு மெல்லிய துணி. பக்கத்தில், அட்டைப்பெட்டி பிரிக்காத மேசை விசிறி ஒன்று.

கேமரன் மலையில் பிறந்து வளர்ந்தவள் அவள். இரண்டு கம்பளி இல்லாமல் யாரும் கண் மூடாத ஊரில் இதை எவள் உடுத்துவாள்? விசிறிதான் எதற்கு? இது மலையில் இருப்பவளுக்கு வாங்கியது இல்லை. கீழே எவளோ இருக்கிறாள்.

பையை முன்பிருந்தபடியே சுருட்டி வைத்துவிட்டு உள்ளே போனாள். கணவர் கிளாரன்ஸ் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"காலையில எங்க போனீங்க?"

"சும்மா, கியா பார்ம் வரைக்கும். கோபிஸ் நல்லா இருந்தா வாங்கலாம்னு."

"எங்க கோபிஸ்? ஒரு கோஸக்கூடக் காணோமே."

"வெல ஜாஸ்தி லா." தட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்.

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை மத்தியானமே வந்து சொல்லியிருந்தாள்: "அக்கா, அண்ணன் காடிய ரிங்லெட் தாண்டிப் பாத்தேன். தாப்பா ரோட்டுல கீழ எறங்கிப் போறாரு. நான் பஸ்ஸுலருந்து கையக் காட்டுனேன், பாக்காத மாதிரி போய்ட்டாரு." கியா பார்ம் இருப்பது மேலே. தாப்பா இருப்பது கீழே.

ராணுவத்தில் ஸ்டாஃப் சார்ஜனாக இருந்த கிளாரன்ஸ் ஓய்வு பெற்று வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கல்யாணமான புதிதில் மெந்தகாப், குளுவாங், கூச்சிங் என்று எல்லா ஊர்க் குவார்ட்டர்ஸிலும் பிலோமி குடித்தனம் நடத்தியவள்தான். ஒரு ஊரில் தையல், ஒரு ஊரில் பாலர் பள்ளி. கை பழகுவதற்குள் மாற்றல் உத்தரவு வந்து நிற்கும்.

கடைசியில் ஒருநாள், "என்னால முடியல, நீங்க போங்க" என்று சொல்லிவிட்டுத் தான் பிறந்த மலைத் தோட்டத்துக்கே திரும்பினாள். தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கச் சேர்ந்தவள், படித்துப் பரீட்சை எழுதி, இன்று அந்த இடத்துக்கே சூப்பர்வைசர். தோட்ட மேலாளர் திருமாறன் துரைகூட அவளைக் கேட்காமல் ஒரு மெஷினை நிறுத்த மாட்டார். அத்தனை வருஷமும் கிளாரன்ஸ் லீவுக்கு வந்து போகும் விருந்தாளிதான். தனியாக இருந்த அந்தக் காலத்தில் கீழே ஒரு குடும்பம் முளைத்திருந்தால் யார் கண்டது?

மறுநாள் காலை பிலோமி குளித்துவிட்டு வந்தபோது அவர் பின்வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். குரல் தணிந்திருந்தது.

"வீடு புடிச்சிருக்கும்மா. சனிக்கெழம வந்து சாவிய வாங்கிக்கிறேன்... இல்ல இல்ல, இங்க போன் போட்டுடாதீங்க. அவளுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது."

பிலோமி தலையைத் துவட்டாமலே வேலைக்குப் போனாள்.

சனிக்கிழமை விடிந்ததும் அவர் கிளம்பிவிட்டார். நண்பனைப் பார்க்க ஈப்போவுக்காம். கார் சத்தம் தேய்ந்ததும் பிலோமி அலமாரிக்கு மேலே கிடந்த பச்சை ராணுவப் பையை இழுத்துப் போட்டாள். சட்டை, கைலி, சவரச் சாமான் எல்லாவற்றையும் உள்ளே திணித்தாள்.

இந்த மனுஷனுக்காகவா? அவளுக்கு மேனேஜர் பதவி தேடி வந்திருந்தது. ஆனால் ஊரை விட்டுப் போக வேண்டும். இப்போதுதான் வீடு வந்து சேர்ந்தவரை எப்படித் தனியாக விடுவது என்று, அவரிடம் வாயே திறக்காமல், திங்கட்கிழமை திருமாறன் துரையிடம் வேண்டாமென்று சொல்ல இருந்தாள். நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. பையைக் கொண்டுபோய் வாசலில் வைத்தாள்.

சாயங்காலம் பனி இறங்கும் நேரத்துக்குக் கார் வந்து நின்றது. கிளாரன்ஸ் பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"என்ன பிலோமி இது?"

"அவகிட்டயே போயிடுங்க. நான் தனியா இருந்தவதான், இனிமேயும் இருந்துக்குவேன்."

"எவகிட்ட?"

"கஃப்தான் வாங்கிக் குடுத்தீங்களே, அவகிட்ட! விசிறி வாங்கி, வீடு பாத்து, சாவி வாங்கிட்டு வர்றீங்களே, அவகிட்ட! எத்தன வருஷமா நடக்குது இது? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அவர் படியில் உட்கார்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. தப்புச் செய்தவன் முழியும் இல்லை. அதுதான் அவளை இன்னும் கலக்கியது.

"நீயா சொல்லுவேன்னு நான்தான் காத்துக்கிட்டு இருந்தேன்," என்றார்.

"நான் என்ன சொல்லணும்?"

"கீழ, வெயில் கொளுத்துற கிள்ளான்ல உனக்கு வந்த மேனேஜர் வேலைய. திருமாறன் துரை பாசார்ல என்னப் பாத்து, கையப் புடிச்சு வாழ்த்துச் சொல்றாரு. நான் ஒண்ணும் புரியாம முழிக்கிறேன்."

பிலோமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்னு சொல்லலாம்னு இருந்தேன்... நீங்க இப்பதான் வந்தீங்க..."

கிளாரன்ஸ் சட்டைப் பையிலிருந்து கிள்ளான் வீட்டுச் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"நீ வேலைக்குப் போ, வீட்ட நான் பாத்துக்கிறேன்."