வெறுங்கழுத்து

பஸ் நிலையக் கழிப்பறையில் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, நித்யா தாலியைக் கழற்றினாள். வகிட்டுக் குங்குமத்தையும் அழுத்தித் துடைத்தாள்.

வெளியே காத்திருந்தான் கணவன் பெருமாள்ராஜ். "மெட்டியையும் கழத்திட்டியா? எங்கம்மா பாத்தா ரெண்டு பேரையும் ஆத்துல தள்ளிருவா."

"வேற என்ன செய்யச் சொல்லுதிய? தத்துவத்துல டாக்டர் பட்டம் வாங்கி மூணு காலேஜ் ஏறி இறங்கிட்டேன். ஒருத்தனும் தத்துவத்தப் பத்திக் கேக்கல. கல்யாணம் ஆயிட்டுதா, பிள்ளை எப்போன்னுதான் கேக்கான்." தாலியைக் கைப்பையின் அடியில் திணித்தாள். "இன்னைக்கு இன்டர்வியூவும் போச்சுன்னா துணிக்கடையில பில்லு போடத்தான் போவணும்."

நேர்முகத் தேர்வு அறையில் இரண்டு பேர். கல்லூரிச் செயலாளர் தளவாய். பக்கத்தில், மடியில் கைப்பையோடு தத்துவத் துறைத் தலைவி பொன்செல்வி.

"கல்யாணம்?" எடுத்த எடுப்பிலேயே கேட்டார் தளவாய்.

"இன்னும் ஆவல சார்."

"நல்லதாப் போச்சு. நம்ம மேடமும் ஒண்டிக்கட்டதான். இருபது வருஷமா ஹாஸ்டல், லைப்ரரி, வகுப்பு. அப்பிடி இருந்தாத்தான் தத்துவம் மண்டையில ஏறும். முந்தி ஒரு பிள்ளைய எடுத்தோம். புருசன் லாரியில அடிபட்டுச் செத்துட்டான்னு பாதியிலயே போயிட்டா."

நித்யாவின் கை சட்டென்று நெஞ்சுக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை. பதறி இறக்கினாள்.

பொன்செல்வி சேலைத் தலைப்பைக் கழுத்தோரம் இழுத்துவிட்டுக்கொண்டார். அவர் பார்வை நித்யாவின் கையிலேயே நின்றது.

"உடம்பு வேற, நான் வேறன்னு சொல்லுதவங்களுக்கு உன் பதில் என்ன?" என்றார் மெதுவாக.

நித்யா பதில் சொன்னாள். தளவாய் கொட்டாவியை அடக்கினார். பொன்செல்வி கண் சிமிட்டாமல் கேட்டார்.

வெளியே வந்து நாலு எட்டு வைப்பதற்குள், பின்னாலேயே குரல். "நில்லும்மா."

பொன்செல்வி.

"புருசன் செத்த கதையக் கேட்டதும் உன் கை எதத் தேடுச்சு?"

நித்யா கைகூப்பினாள். "மேடம்... சார்கிட்ட சொல்லிராதீங்க. கும்புட்டுக் கேக்கேன்."

பொன்செல்வி வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்தார். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"கைய அடக்கிப் பழகு. தாலி பையிலதான் கெடக்குன்னு என் கைக்குப் புரியவே ஒரு வருஷம் ஆச்சு!"