இருபத்து மூன்று இடங்கள்

"உன் அக்கா இன்னும் ஏழாவது பக்கத்துலயே நிக்கிறா, மாப்ளே. ரெண்டு மாசமா ஒரு வரி நகரலை. என்னதான் வேலை பாக்கறீங்க நீங்கல்லாம்?"

அக்காவின் கணவரான மாமா, கைபேசியை அவன் முகத்துக்கு நேராக நீட்டினார். மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களின் பட்டியல் அது. மருத்துவமனையின் அந்த இணையதளத்தைப் பராமரிப்பவன் அவன்தான்.

அக்கா சோபாவில் கண்மூடிச் சாய்ந்திருந்தாள். சற்றுமுன்தான் டயாலிசிஸ் முடிந்து வந்திருந்தாள். கையில் போட்ட கட்டை இன்னும் பிரிக்கவில்லை.

"வந்தவனுக்குத் தண்ணி குடுத்துட்டுத் திட்டுங்க" என்றாள்.

"டயாலிசிஸுக்கு முன்னெல்லாம் மூணு மணி நேரம் காத்துக் கிடப்போம். இப்ப போனதும் கட்டில் கிடைக்குது. அங்கயே எல்லாம் சீராயிடுச்சு. இவன் பட்டியல்தான் நகர மாட்டேங்குது" என்றார் மாமா.

அவன் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தான். "நாலாயிரம் பேர், மாமா. யார் கேட்டாலும் முழுசாத் தேடி எடுத்தா சைட்டு திணறிடும். அதனால ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு நகல் எடுத்து வெச்சிருக்கும். அதைத்தான் காட்டும். மணிக்கொரு தடவை நகல் மாறணும்."

"எங்க மாறுது? பழைய பேப்பரைக் காட்டி இன்னைக்குச் செய்திங்கறே!"

அவன் தேடினான். நகலின் ஆயுளை மணிக்கணக்கில் ஒன்று என்று எழுத வேண்டிய இடத்தில், விநாடிக் கணக்கு என்று நினைத்து மூவாயிரத்து அறுநூறு என்று எழுதியிருந்தது. எழுதியவன் அவனேதான்.

"என் தப்புதான், மாமா." எண்ணைத் திருத்தினான். பழைய நகல்களை அழித்தான். "இப்பப் பாருங்க."

மாமா அக்காவின் பதிவு எண்ணைத் தேடினார். "ஆறாவது பக்கம்! ஆனா பத்தாவது வரியில இருந்தவ பன்னிரண்டுக்குப் போயிட்டாளே?"

"பக்கத்துக்கு இருபத்தஞ்சு பேர், மாமா. கணக்குப் போட்டுப் பாருங்க. அக்கா இருபத்து மூணு இடம் முன்னாடி வந்திருக்கா."

மாமா அவன் தலையைப் பிடித்து உலுக்கினார். "ரெண்டு மாசத்துல இருபத்து மூணு பேருக்குக் கிட்னி கிடைச்சிருக்கு! இப்படியே போனா அடுத்த வருஷம் இந்நேரம் நம்ம முறை வந்துடும்டா!"

அவருக்கு உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கைபேசியோடு பால்கனிக்குப் போய்த் தன் அண்ணனை அழைத்தார்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பால்கனிக் கதவு சாத்தியதும் தம்பியைக் கண்ணால் அருகே அழைத்தாள்.

"பழையபடி நகராம நிறுத்தி வைக்க முடியுமாடா?"

"ஏன்க்கா? முன்னாடி வர்றது நல்லதுதானே?"

வெளியே மாமா சத்தமாக எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவர்கிட்ட சொல்லிடாதே. கிட்னி மாத்தற ஆபரேஷன் தியேட்டரைப் பூட்டி மூணு மாசமாச்சுடா."