கூடுதலாக ஒரு ஒயர்

"பொண்ணு வீட்டுல என்னம்மா சொன்னாவ?" என்று ரெக்ஸ்லின் கேட்டதும், ஊரிலிருந்த அம்மா கைபேசித் திரையில் வாயைத் திறந்தாள். அப்படியே உறைந்துபோனாள். அறையில் உடன் தங்கியிருந்த இருவரும் எட்டிப் பார்த்தார்கள்.

"சம்மதம்னுதாம்லே சொல்லுதாவ. பல்லு தெரியுது பாரு" என்றான் மைதீன்.

"முடியாதுன்னா மட்டும் பல்லு தெரியாதாக்கும்?" என்றான் பொன்னையன்.

ரெக்ஸ்லின் கட்டிலுக்கடியில் புகுந்தான். நெட்வொர்க் வேலை பழகுவதற்காக அவன் வாங்கிய, பல இணைய ஒயர்களை ஒன்றுசேர்க்கும் பழைய ஸ்விட்ச் பெட்டி அங்கே இருந்தது. அறையின் இணையம் முழுவதும் அதன் வழியாகத்தான் ஓடியது. இப்போது அதன் விளக்குகளெல்லாம் வெறிபிடித்தாற்போல ஒன்றாக மின்னின. மடிக்கணினியில் கட்டளை தட்டினால் பெட்டி பதில் தரவில்லை.

"வெளிய வாலே, தானா சரியாவும்" என்றான் மைதீன்.

"கண்டுபிடிக்காம வரமாட்டேன்."

ஒயர்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே போனான். ரவுட்டரிலிருந்து ஸ்விட்சுக்கு இரண்டு வந்தன. அம்மாவோடு பேசும்போது அறுந்துவிடக் கூடாது, ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று சற்றுமுன் அவனே செருகியது இரண்டாவது. தகவலெல்லாம் ஒன்றில் போய் மற்றொன்றில் திரும்பி, வெளியேற வழியின்றிச் சுற்றிக்கொண்டிருந்தது.

இரண்டாவதைப் பிடுங்கினான். விளக்குகள் நிதானத்துக்கு வந்தன. திரையில் அம்மா முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டே மகனிடம் பேச்சை முடித்தாள்.

"அவ்வளவுதான் மக்களே. எல்லாம் கேட்டுதுல்லா?"